லடாக் போகிறவர்களுக்கு

குஷாய்குடா குவார்ட்டர்ஸில் மாலை வெயில், மேஜைமேல் விரித்த வரைபடத்தின் மடிப்புகளில் தங்கி நிற்கிறது. அடுத்த வாரம் காரில் லடாக் கிளம்பும் ஜெகநாதனும் கிரிஜாவும் பகவதியிடம் யோசனை கேட்க வந்திருக்கிறார்கள். போன வருஷம் கணவர் சக்ரபாணியோடு அதே பாதையில் போய், தனியாகத் திரும்பியவள் அவள். "பெட்ரோல் டின் ரெண்டு எடுத்துக்கோங்கோ. மேலே ஏறினதும் ஒரு நாள் சும்மா படுத்திருங்கோ," என்கிறாள். கிரிஜா நோட்டில் எழுதிக்கொள்கிறாள். வரைபடத்தில் பாதையைத் தொட்டுக்கொண்டு போன பகவதியின் விரல் ஒரு வளைவில் நின்றுவிடுகிறது. மரமே இல்லாத மஞ்சள் மலையும், காற்றில் படபடக்கும் கூடாரமும் அவள் கண்முன் வருகின்றன. "மூச்சு வாங்கினா உடனே கீழே இறங்கிடணும். உங்காத்துக்காரர் காலம்பற பாத்துக்கலாம்பார், கிரிஜா, நீ கேக்காதே. எங்காத்துக்காரரும் அன்னிக்கு ராத்திரி அப்படித்தான் சொன்னார், நான் சரின்னு படுத்துட்டேன்." கிரிஜா எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் கணவனைப் பார்க்கிறாள்.