யெர்க்கரின் பெயர்

ஸ்வீடனின் அந்தச் சிற்றூர் நீதிமன்றத்தில், மர வியாபாரியும் நாடாளுமன்ற உறுப்பினருமான டால்மார்க் கூண்டில் நின்றிருந்தார். ஊரார் பலரின் கையெழுத்தைத் தானே போட்டு வங்கியில் கடன் வாங்கியதாக வழக்கு. அந்தக் கடனுக்கான ஜாமீன் பத்திரம் ஒன்றை நீதிபதி, விவசாயி யெர்க்கரிடம் நீட்டினார். அதன் அடியில் யெர்க்கரின் முழுப்பெயர் கொடிபோல் வளைந்து கிடந்தது.

“இது நீங்க போட்டதா?”

யெர்க்கர் எழுத்துக்கூட்டிப் படித்தார். படிக்கத் தேவாலயத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எழுத யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோடரியிலும் படகிலும் அடையாளத்துக்குச் செதுக்குகிற கொக்கிக் குறியைத்தான் பத்திரங்களிலும் கீறுவார்.

“இல்லைங்க ஐயா. எனக்கு எழுதத் தெரியாது.”

“எழுதத் தெரியாதா?” கூண்டிலிருந்த டால்மார்க் நிஜமாகவே அதிர்ந்துபோய்க் கேட்டார்.

யெர்க்கர் அவர் பக்கம் திரும்பினார்.

“இருபது வருஷமா என் குறிக்குக் கீழ சாட்சிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே, முதலாளி?”

பத்திரத்தைத் திருப்பி வாங்க நீதிபதி கையை நீட்டினார். யெர்க்கர் கொடுக்கவில்லை. தன் பெயரின் முதல் எழுத்தின்மேல் விரலை வைத்து, அது போன வழியே மெல்ல வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.