பீரோவில் கொலுசு

"மறுபடியும் மாட்டி விட்டுட்டியா?" என்று கத்தினான் அறிவரசன்.

தவழும் மகளின் வெள்ளிக் கொலுசை அவன் கழுவித் துடைத்து, பஞ்சில் சுற்றிப் பீரோவில் வைப்பான். மனைவி பிரவீணா அதை எடுத்துக் குழந்தைக்கு மாட்டிவிடுவாள். தினமும் இதே சண்டை.

"கரும்பு லாரி கிளப்புற புழுதியில கறுத்துப் போவுதுடி. எத்தன தடவதான் தேய்க்கிறது?"

"கறுத்தா கறுக்கட்டுங்க. புள்ள கால்ல கொலுசு கெடக்கட்டும்."

எரிச்சலில் அவனே அதைக் கழற்றி, பீரோவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு திருமானூர் கடைத்தெருவுக்குப் போனான்.

திரும்பி வந்தபோது பிரவீணா மண்டியிட்டு, தரையைக் கைகளால் துழாவியபடி அழுதுகொண்டிருந்தாள்.

"யாரு, நீங்களா? பாப்பாவைக் காணோங்க!"

அவளுக்கு நேரெதிரே, விரல் சூப்பியபடி, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது குழந்தை.