மழையில் நடந்த பயிற்சி

காட்டுக் கால்பந்து அணிக்கு முள்ளம்பன்றிதான் பயிற்சியாளர். தொட்டால் பந்து வெடித்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிக்கொடுக்கும். அணி தோற்றுக்கொண்டே வந்ததில் அந்த வாய் இன்னும் நீண்டுபோயிருந்தது.

“அண்ணே, பசங்க இப்ப உங்களை மதிக்கிறதே இல்லை,” என்று காகம் சொல்லிவிட்டுப் பறந்தது. அன்று பார்த்து மழை வேறு. ஒருத்தனும் வரமாட்டான், பதவியை விட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவுகட்டிக்கொண்டே முள்ளம்பன்றி மைதானத்துக்குப் போனது.

அங்கே அத்தனை பேரும் சேற்றில் ஓடிக்கொண்டிருந்தார்கள். முள்ளம்பன்றி ஒரு புதருக்குப் பின்னால் ஒதுங்கி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

“அவருக்கு வாய் ஓயவே ஓயாதுப்பா,” என்று கோல்கீப்பர் முயல் சலித்துக்கொண்டது.

“ஓயாதுதான். ஆனா அவர் சொன்ன மாதிரி தரையோட தட்டிவிட்டா பந்து எப்படிப் போகுது பாத்தியா?” என்றது கீரி. “அவர் வர்றதுக்குள்ள இன்னொரு தடவை பழகிடலாம், வா.”

பதவியைத் துறக்கும் யோசனையை முள்ளம்பன்றி அந்தப் புதரடியிலேயே போட்டுவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? வெளியே வந்து, “என்னடா ஓட்டம் இது? எருமைகூட இதைவிட வேகமா ஓடும்!” என்று கத்தியது.

“வந்துட்டாருய்யா!” என்று எல்லாரும் முனகினார்கள். முயல் மட்டும் கிட்டே ஓடிவந்தது.

“நனையாதீங்க அண்ணே. அந்த மரத்தடியில நின்னு திட்டுங்க.”