மூன்றாவது விசில்

ஆஸ்பத்திரியில் பழக்கிய நடையை வீட்டிலும் விடக்கூடாது, விட்டால் மூச்சு பழையபடி சுருங்கிவிடும் என்று சொல்லித்தான் ஆறுச்சாமியை அனுப்பினார்கள். பஞ்சாலைத் தூசி தின்ற நுரையீரல். கடிகாரத்தைப் பார்த்து நடந்தால் பதற்றத்திலேயே அவருக்கு இளைத்தது. அதனால் அடுப்பில் குக்கர் ஏறியதும் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடப்பது, மூன்றாவது விசிலில் உட்காருவது என்று ஏற்பாடு. உதட்டைக் குவித்து, சூடான டீயை ஆற்றுவதுபோல் ஊதிக்கொண்டே கணவர் நடப்பதைத் தெய்வாத்தாளால் பார்க்க முடியவில்லை. அவர் தோள்பட்டை ஏறி இறங்கத் தொடங்கியதுமே கரண்டிக்காம்பால் குக்கர் வெயிட்டை மெல்ல நெம்பிவிடுவாள். ஆவி சீறும். "மூணாவது விசிலும் வந்துருச்சுங்க, உக்காருங்க." அவள் அடுப்பை அணைப்பாள்; அவரும் உட்கார்ந்துவிடுவார். வேகாத சோற்றை இருவரும் மென்று தின்பார்கள். அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு காலையில் அவள் நெம்பி ஆவி சீறியபோது அவர் வாசலருகே இருந்தார். "உக்காருங்க" என்றாள். உட்காரவில்லை. கதவைப் பிடித்து நின்று, நீளமாக ஊதி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். "அது நீ உட்ட விசிலு, புள்ள. குக்கரு உடட்டும்." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் குக்கர் தானாகக் கூவியது. அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். மறுபடி கூவியது; மறுபடி போனார். அடுப்பை அணைக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சோறு குழைந்துபோயிருந்தது.