கொக்கு சொன்ன இரண்டு காரணம்

ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தாளம் உண்டு, அந்தத் தாளம் தப்பாமல் ஆட்டினால் எவ்வளவு தடித்த கிளையும் முறிந்துவிடும் என்று கொத்திக் கொத்திக் கண்டுபிடித்தது மரங்கொத்தி. அந்தத் தோப்பில் எதை அறிவிப்பதானாலும் கொக்கு தலையாட்ட வேண்டும்; அதனிடம் போய்ச் சொன்னது.

"சுத்தப் பொய்," என்றது கொக்கு. "இதுவரை யாருமே இப்படிச் சொன்னதில்லை. அதோடு ஆபத்து வேறு. குரங்குக்குத் தெரிந்தால் எல்லார் கூட்டையும் ஆட்டித் தள்ளிவிடும்."

"பொய்யென்றால் குரங்கு எப்படி ஐயா தள்ளும்? அந்தப் பயத்தில் நானும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அது தினமும் கிளையில்தானே குதிக்கிறது! தானே கண்டுபிடிக்க எத்தனை நாளாகும்? குஞ்சு வைத்திருக்கிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டாமா?"

"அனுமதி கிடையாது. போ."

மறுநாள் காலையில் கொக்கு தன் கூட்டுக் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கவ்விப் பாறை இடுக்குக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

"இதென்ன?" என்றது மரங்கொத்தி.

"சும்மா, ஒரு முன்னெச்சரிக்கைதான். யாரிடமும் சொல்லிவிடாதே."

மரங்கொத்தி அண்ணாந்து பார்த்தது. கொக்கின் கூடு இருந்த அதே கிளையில் புறாக் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"உம்ம கூடு மட்டும்தான் கூடா?" என்று கத்திவிட்டு, யார் தலையாட்டலுக்கும் காத்திராமல், தோப்பே விழிக்கும்படி மொட்டைப் பனையைக் கொத்த ஆரம்பித்தது.