பின்னிருக்கையின் இடது கண்ணாடி

கார்க் கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிமை உள்பக்கம் உட்கார்ந்துதான் உரிக்க வேண்டும். முதுகை வளைத்து வளைத்து செல்வினுக்கு நாற்பது வயதிலேயே இடுப்பு போய்விட்டது. இந்தக் காரின் பின்னிருக்கைக்கு அவன் வருவது மூன்றாவது முறை. மூன்று முறையும் அதே இடது கண்ணாடிதான். அங்கே யார் உட்காருகிறார்கள் என்று அவன் பார்த்ததில்லை, கார் எப்போதும் காலியாகத்தான் வரும். ஆனால் உள்ளிருந்து பார்த்தாலும் வெளியே தெரியாத அந்தக் கறுப்பில், கண்ணுக்கு நேராக, நகத்தால் சுரண்டிய ஓட்டை ஒன்று, சட்டைப் பொத்தான் அளவில், ஒவ்வொரு முறையும் இருந்தது. இன்றும் இருந்தது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து பிளேடை வைக்கப்போனவன், ஒரு சாண் கீழே இன்னொன்றைப் பார்த்தான். மிளகளவுதான் இருக்கும். நாலைந்து வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் கண் வரும் உயரம். குனிந்து அதில் கண்ணை வைத்தான். எதிர்க்கடை வாசலில் நாய் ஒன்று படுத்திருந்தது.

“நகம் பட்டா கீறாத ஃபிலிம் இருக்கா?” வெளியே நின்ற கார்க்காரர் கேட்டார்.

“இருக்கு சார்.”

“அதையே போடு. எத்தன தடவதான் வர்றது? சலிச்சுப்போச்சு.”

செல்வினுக்கும் சலித்துத்தான் போயிருந்தது. கடைக்குள் போய், எப்போதும் ஒட்டும், நகம் பட்டால் கீறும் அதே மெல்லிய ரோலையே எடுத்துவந்தான். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு. ஒட்டி, தண்ணீரை வழித்துத் துடைத்துவிட்டு இறங்கினான்.

“ரெண்டு நாளைக்கு இந்தக் கண்ணாடிய எறக்காதீங்க சார்,” என்று எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னான்.

“அது எறங்காதுப்பா,” என்றார் அவர். “ஸ்விட்சக் கழட்டி மூணு வருஷமாச்சு.”