நூற்றிருபது ரேகைகள்

தொம்மலூர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பொருளாளர் தயானந்தன் பத்து வருடக் கணக்கை வாசித்தார். நான் முன்பே கேள்விப்பட்டபடி, மாதாந்திர மருத்துவ உதவி பெற்றவர்களில் என் பெயரும் இருந்தது.

எனக்கு ஒரு பைசா வந்ததில்லை. என் மனைவி ரெஜினா தன் டயாலிசிஸுக்காகக் கேட்கப் போனபோதெல்லாம், "ஃபண்ட் இல்லம்மா" என்று தயானந்தன் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். போன வருடம் அவள் போய்விட்டாள்.

அவர் என்னைப் பார்த்ததே இல்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்தேன்.

"அந்த ஹவில்தார் ஆரோக்கியதாஸ் நேர்ல வந்தா வாங்கினாரு?"

"மாசாமாசம் வந்தாரு. என் கண்ணு முன்னாடிதான் ரேகை வெச்சாரு."

"எந்த விரல் சார்?"

"இடது கை கட்டைவிரல். மிலிட்டரிக்காரருக்கு இதுகூடத் தெரியாதா? நூத்திருபது மாசம், நூத்திருபது ரேகை!"

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க."

மைக்கில் சொன்னார்.

"நான்தான் ஆரோக்கியதாஸ்" என்று சால்வையை எடுத்தேன். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் எல்லையில் குண்டு பட்டு, தோளோடு எடுத்த கை. சட்டையின் இடது கை காலியாகத் தொங்கியது.

தயானந்தனின் இடது கை மெல்ல மேஜைக்கு அடியில் போனது.

"கையை மேல வையுங்க சார். புகார் கொடுத்துட்டுத்தான் வந்தேன்; ரேகையை ஒத்துப் பாக்க போலீஸ் வந்துட்டிருக்கு."